ரூபியில் பல பிரிவுகள் கொண்ட ஒரே கோப்பு: ஏற்றுவது, பிரிப்பது, வரி எண்ணைத் தொலைக்காமல் இருப்பது

கேள்வியின் சாரம் இது. ரூபி நிரல்மொழியில் எழுதிய ஒரே கோப்புக்குள் அமைப்புகள், வார்ப்புரு, சோதனைத் தரவு என்று பல பிரிவுகள் இருக்கின்றன. கோப்பைத் தனியாக ஓட்டினால் டேட்டா என்ற கான்ஸ்டன்ட் (மாறிலி) வழியே கீழ்ப்பகுதி ஒழுங்காகக் கிடைக்கிறது. அதையே ரிக்வயர் செய்து (இன்னொரு கோப்பிலிருந்து ஏற்றி) செயலிக்குள் கொண்டுவந்தால், அப்படியொரு கான்ஸ்டன்ட் இல்லை என்று பிழை வருகிறது. விண்டோஸில் திருத்தி அனுப்பிய கோப்புகளில் சில பிரிவுகள் காணாமல் போகின்றன. யாமல் (அமைப்புகளை எழுதும் உரை வடிவம்) பிரிவில் தவறு இருந்தால், பிழைச்செய்தி சொல்லும் வரியில் போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை.

இந்தத் தொல்லைகளுக்கெல்லாம் வேர் ஒன்றுதான். பைட்டுகளைச் சுத்தமான உரையாக ஏற்றுவது, உரையைப் பிரிவுகளாக வெட்டுவது, ஒவ்வொரு பிரிவுக்கும் பொருள் காண்பது ஆகியவை வெவ்வேறு வேலைகள். ஒரு ஸ்ப்ளிட் அழைப்பில் இவை எல்லாவற்றையும் முடிக்கப் பார்த்தால், வரி எண் அங்கேயே தொலைந்துவிடும். பிறகு அதைத் திரும்பப் பெற வழியே இல்லை. அதனால் இந்தப் பதில் முழுக்க நான் வலியுறுத்துவது: ஒவ்வொரு பிரிவும், தான் கோப்பின் எந்த வரியில் தொடங்கியது என்பதைக் கடைசிவரை கூடவே சுமந்து வரட்டும்.

மெத்தட் பெயர்களைக் கீழே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நிரலில் ரூபியின் வழக்கமான எழுத்திலேயே போடுங்கள்.

டேட்டா ஏன் கைவிடுகிறது

இருபுறமும் இரட்டை அடிக்கோடு, நடுவில் பெரிய எழுத்தில் எண்ட். இந்தச் சொல் மட்டும் ஒரு வரியில் தனியாக நின்றால், ரூபியின் பார்சர் (நிரலைப் படித்துப் பகுக்கும் பகுதி) அங்கேயே படிப்பதை நிறுத்திக்கொள்ளும். முன்னால் ஓர் இடைவெளி இருந்தாலும், பின்னால் ஓர் இடைவெளி ஒட்டியிருந்தாலும் அது எல்லைக்கோடு ஆகாது. சாதாரணப் பெயராகவே எண்ணப்படும். பிறகு அதன் கீழே உள்ள தரவையெல்லாம் ரூபி நிரலாகப் படிக்க முயன்று, புரியாத தொடரியல் பிழைகளைக் கொட்டும். திருத்தியில் வரிக்கடைசி இடைவெளிகளைக் காட்டும் வசதியை முதலில் இயக்கிவிடுங்கள்.

டேட்டா என்பது ஒரு சரம் இல்லை. திறந்து வைக்கப்பட்ட ஃபைல் பொருள். எல்லைக்கோட்டுக்கு அடுத்த பைட்டில் அதன் படிப்பிடம் நிற்கும். இதிலிருந்து சில விளைவுகள் பிறக்கின்றன. ஒருமுறை ரீட் செய்தபின் மறுமுறை ரீட் செய்தால் காலிச் சரம்தான் கிடைக்கும். சரி, ரீவைண்ட் செய்யலாம் என்று போனால் தரவின் தொடக்கத்துக்குப் போகாது. கோப்பின் முதல் பைட்டுக்கே போய், உங்கள் நிரலையே தரவாகக் கொடுக்கும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. செயலிச் சேவையகம் ஃபோர்க் செய்து (தன்னையே நகலெடுத்து) பல வேலையாட்களை உருவாக்கினால், அவை எல்லாம் ஒரே படிப்பிடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒருவர் படித்தது மற்றவருக்குக் கிடைக்காது. டேட்டாவைப் பயன்படுத்துவதானால் தொடக்கத்திலேயே ஒரே தடவை படித்து, ஃப்ரீஸ் செய்த (மாற்ற முடியாத) சரமாக ஒரு கான்ஸ்டன்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கேள்வியின் முதல் பிழை. ரூபி இந்தக் கான்ஸ்டன்டை முதன்மைக் கோப்புக்கு, அதாவது கட்டளை வரியில் நேரடியாக ஓட்டிய கோப்புக்கு மட்டுமே அமைக்கிறது. ரிக்வயர், லோட் வழியாக வரும் கோப்பில் எல்லைக்கோடு வேலை செய்யும், அதற்குக் கீழே உள்ளது நிரலாகப் படிக்கப்படாது. ஆனால் டேட்டா அமையாது. சோதனைக் கருவி வழியாக ஓட்டும்போது முதன்மைக் கோப்பு அந்தக் கருவியின் இயக்கக் கோப்புதான், உங்களுடையது இல்லை. பிழை வந்து நின்றால்கூடப் பரவாயில்லை. முதன்மைக் கோப்புக்கும் சொந்தமாக ஓர் எல்லைக்கோடு இருந்துவிட்டால், ரிக்வயர் ஆன கோப்பில் நீங்கள் எழுதிய டேட்டா சத்தமில்லாமல் அந்த வேறு கோப்பின் தரவைக் கொடுக்கும். அதைக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகும்.

போகிற போக்கில்: ரூபி 3.2-இல் வந்த டேட்டா என்ற கிளாஸ் வேறு. அதில் முதல் எழுத்து மட்டுமே பெரியது. மாறாத மதிப்புப் பொருள்களை உருவாக்குவதற்கானது. இந்தக் கான்ஸ்டன்டோடு அதற்குத் தொடர்பே இல்லை.

ரிக்வயர் ஆகும் கோப்பிலும் கீழ்ப்பகுதி வேண்டுமானால், அந்தக் கோப்பு தன்னையே ஒரு சாதாரண உரைக்கோப்பாகத் திறந்து படிக்க வேண்டும். சினாட்ரா என்ற வலைச் செயலி நூலகம் உள்ளிணைந்த வார்ப்புருக்களை எடுப்பது இப்படித்தான். கோப்பை முழுதாகப் படித்து, விண்டோஸ் வரிமுடிவுகளை ஒரே வகையாக்கி, எல்லைக்கோட்டில் இரண்டாக வெட்டி, பிறகு `@@` என்று தொடங்கும் வரிகளைப் பிரிவுத் தலைப்புகளாக எடுத்துக்கொள்கிறது. கூடவே வரி எண்ணையும் எண்ணிக்கொண்டே போய் ஒவ்வொரு வார்ப்புருவோடும் சேர்த்து வைக்கிறது. அந்தக் கடைசிப் பழக்கத்தை அப்படியே கடன் வாங்குங்கள்.

ஆனால் எல்லைக்கோட்டை ரெஜெக்ஸ் (உரை வடிவத்தைப் பொருத்தும் குறியீடு) வைத்துத் தேடுவதில் ஓர் ஓட்டை உண்டு. ஹியர்டாக் (பல வரிகளாக எழுதும்) சரத்துக்குள் அதே வரி இருந்தால் ரூபி அதைச் சரத்தின் பகுதியாகத்தான் பார்க்கும். உங்கள் ரெஜெக்ஸுக்கு அது தெரியாது, தப்பான இடத்தில் வெட்டும். நிரலை உருவாக்கும் நிரல்கள் எழுதுபவர்களுக்கு இது அரிதல்ல. அங்கே ரூபியின் சொந்தப் பார்சரையே கேட்பது நல்லது. ரூபியோடு வரும் ரிப்பர் நூலகத்தின் லெக்ஸ் மெத்தட், எல்லைக்கோட்டைத் தனி டோக்கனாக வரி எண்ணோடு தரும். ரூபி 3.3-இலிருந்து உடன் வரும் ப்ரிசம் (3.4-இல் அதுவே இயல்பான பார்சர்), பார்ஸ் முடிவில் டேட்டா லாக் என்ற மெத்தட் வழியே அந்த இடத்தைச் சொல்லும்.

இவ்வளவும் சொன்னபின் என் பரிந்துரை: நிரலும் தரவும் ஒரே கோப்பில் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிட்டால், பிரிவுகளை ரூபி கோப்புக்குள் வைக்காதீர்கள். வேறு பின்னொட்டுடன் தனி உரைக்கோப்பாக வையுங்கள். ரெயில்ஸ் என்ற வலைச் செயலிக் கட்டமைப்பில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தானேற்றப் பாதையில் இருக்கும் ஒவ்வொரு ரூபி கோப்பும் தன் பெயருக்கு ஏற்ற கான்ஸ்டன்டை அமைக்கும் என்று அதன் தானேற்றியான ஸைட்வெர்க் எதிர்பார்க்கிறது. அமைக்காவிட்டால் மேம்பாட்டுச் சூழலில் தெரியாமல் இருந்து, எல்லாவற்றையும் முன்கூட்டியே ஏற்றும் உற்பத்திச் சூழலில் பிழையாக வெடிக்கும்.

பைட்டிலிருந்து உரைக்கு

பாதையில் தொடங்குவோம். வெறும் சார்புப் பாதை கொடுத்தால் அது செயல் நடக்கும் அடைவைப் பொறுத்தது. முனையத்தில் ஓடும், கிரான் (நேரம் குறித்துத் தானாக ஓடும்) வேலையில் ஓடாது. எக்ஸ்பாண்ட் பாத் மெத்தடுக்கு இரண்டாவது மதிப்பாக, நடப்புக் கோப்பின் அடைவைத் தரும் டிர் என்ற இரட்டை அடிக்கோட்டுச் சொல்லைக் கொடுங்கள். பல கோப்புகளை க்ளாப் மூலம் எடுப்பதானால், ரூபி 3.0-க்கு முன் வரும் வரிசை கோப்பு முறைமையைப் பொறுத்தது, 3.0 முதல் இயல்பாகவே அடுக்கித் தருகிறது. பழைய பதிப்பையும் ஆதரிக்க வேண்டுமானால் சார்ட் சேர்த்துவிடுங்கள்.

என்கோடிங்கை (பைட்டுகளை எழுத்துகளாகப் படிக்கும் முறையை) தற்செயலுக்கு விடாதீர்கள். ரூபி மூலக்கோப்புகளுக்கு 2.0 முதல் யூடிஎஃப்-8 இயல்பு. ஆனால் ஃபைல்.ரீட் மூலம் நீங்கள் படிக்கும் கோப்புக்கு அந்த இயல்பு செல்லாது. அது சூழலின் மொழி அமைப்பைப் பார்க்கும். மொழி அமைப்பே இல்லாத ஒரு கண்டெய்னருக்குள் யூஎஸ் ஆஸ்கி என்று எடுத்துக்கொள்ளும். தமிழ் எழுத்து ஒன்று இருந்தாலே, ரெஜெக்ஸ் பொருத்தும் இடத்தில் செல்லாத பைட் வரிசை என்று விழும். உங்கள் கணினியில் ஓடி, சேவையகத்தில் ஓடாததற்கு இது முதன்மையான காரணம்.

கோப்பின் தலையில் பிஓஎம் என்ற மூன்று பைட் குறி ஒட்டியிருக்கலாம். திருத்தியில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் முதல் வரி இனி `@@` என்றோ `---` என்றோ தொடங்கவில்லை, அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. விளைவு: முதல் பிரிவு மட்டும் காணாமல் போகும், மற்றவை எல்லாம் சரியாக இருக்கும். இந்த அறிகுறியைக் கண்டாலே பிஓஎம் என்று சந்தேகப்படுங்கள். ஜெக்கில் என்ற தளம் உருவாக்கும் கருவியின் பாணியில் முதல் வரி `---` ஆக இருந்தால்தான் முன்னுரைப் பகுதி என்று கருதும் எந்தக் கருவிக்கும் இதே கதிதான்.

வரிமுடிவு அடுத்தது. ரூபியின் ரெஜெக்ஸில் `$` என்பது புதுவரி எழுத்துக்கு முன்னால் பொருந்தும். அதற்கும் முன்னால் நிற்கும் கேரேஜ் ரிட்டர்ன் எழுத்தை அது கண்டுகொள்ளாது. `^---$` என்ற வடிவம் விண்டோஸ் கோப்பில் ஓர் இடத்திலும் பொருந்தாமல் போவது இதனால்தான். கேள்வியில் சில பிரிவுகள் மட்டும் தொலைவதாக இருக்கிறதே, அது இரு வகை வரிமுடிவும் கலந்த கோப்பு. வேறு கணினியில் திருத்திய வரிகள் மட்டும் பொருந்தாமல் விடுபட்டிருக்கின்றன.

இந்த மூன்று தொல்லைக்கும் ஒரே மருந்து உண்டு. கோப்பைத் திறக்கும் முறையில் ஆர்டி, முக்காற்புள்ளி, பிஓஎம், செங்குத்துக் கோடு, யூடிஎஃப்-8 என்று சேர்த்து எழுதுங்கள். ஆர் என்பது வாசிப்பு, டி என்பது உரை முறை. வரிமுடிவுகளை அதுவே ஒருமைப்படுத்தும். பிஓஎம் இருந்தால் விழுங்கும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். படித்தவுடன் வேலிட் என்கோடிங் (கடைசியில் கேள்விக்குறி) மெத்தடால் சோதித்து, தவறென்றால் கோப்பின் பாதையோடு அங்கேயே பிழை எழுப்புங்கள். ஸ்க்ரப் போட்டு மூடி மறைக்காதீர்கள். மூலக்கோப்பில் கெட்ட பைட் இருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டியது எழுதியவர், உங்கள் ஏற்றி இல்லை.

வெட்டுவது

இந்தச் சின்னக் கோப்பைக் கையில் எடுத்துக்கொள்வோம்:

```
@@ அமைப்பு
பக்க_அளவு: 20
தொடக்க_நேரம்: 12:30
கிளை_எண்: 0123

@@ வார்ப்புரு
வணக்கம், <%= பெயர் %>!

@@ சோதனை
பெயர்,எதிர்பார்ப்பது
மலர்,"வணக்கம், மலர்!"
```

மொத்தம் 11 வரிகள். தலைப்புகள் 1, 6, 9 ஆம் வரிகளில். உடல்கள் 2, 7, 10 ஆம் வரிகளில் தொடங்குகின்றன.

முழு உரையையும் ஸ்ப்ளிட் செய்வதைவிட, வரிவரியாகப் போகும் ஒரு சின்னச் சுழல் எல்லா வகையிலும் மேல். ஈச் லைனை வித் இண்டெக்ஸோடு இணைத்து, எண்ணிக்கையை 1-இலிருந்து தொடங்குங்கள். கையில் நடப்புப் பிரிவு என்று ஒன்று. முதலில் அது வெறுமை. தலைப்பு வரி வந்தால் புதுப் பிரிவு உருவாக்கி, பெயரையும் உடல் தொடங்கும் வரியையும், அதாவது தலைப்பின் வரி எண்ணோடு ஒன்று கூட்டி, அதில் பதியுங்கள். மற்ற வரி வந்தால் நடப்புப் பிரிவின் உடல் வரிசையில் சேருங்கள். நடப்புப் பிரிவே இல்லாத நிலையில் காலியல்லாத வரி வந்தால் பிழை எழுப்புங்கள். முதல் தலைப்புக்கு மேலே எழுதிய உரையைச் சத்தமின்றி வீசிவிடுவது பயனருக்குச் செய்யும் துரோகம். சுழல் முடிந்ததும் உடல் வரிகளை இணைத்து ஒரே சரமாக்கலாம். கோப்பு பெரிது என்றால் ஃபைல்.ஃபோரீச் பயன்படுத்தினால் இதே சுழல் முழுக் கோப்பையும் ஒரே சரமாக நினைவகத்தில் ஏற்றாமல் ஓடும். சரங்களைக் கூட்டல் சமக்குறியால் ஒட்டிக்கொண்டே போகாதீர்கள், ஒவ்வொரு முறையும் முழுச் சரமும் நகலாகும்.

ஒரே பெயரில் இரண்டு பிரிவுகள் வந்தால்? ஹேஷில் (சாவியும் மதிப்பும் கொண்ட அட்டவணையில்) நேரடியாகப் போட்டால் பின்னது முன்னதை அழித்துவிடும், யாருக்கும் தெரியாது. பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு வரி எண்களையும் பிழைச்செய்தியில் சொல்லுங்கள். தெரியாத பெயர் வந்தால், ரூபியோடு வரும் டிட் யூ மீன் நூலகத்தின் ஸ்பெல்செக்கருக்கு அனுமதித்த பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, நெருங்கிய பெயரைப் பரிந்துரைக்கலாம். சில வரி வேலைதான், பயனரின் அரைமணி நேரத்தை மிச்சம்பிடிக்கும்.

தலைப்பு வரியின் இலக்கணத்தை இறுக்கமாக வையுங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சினாட்ராவின் வடிவம் `@@`-க்குப் பின் இடைவெளி இல்லாவிட்டாலும் தலைப்பு என்றே ஏற்கும். வார்ப்புருக்களுக்கு அது போதும். உங்கள் பிரிவுக்குள் ரூபி நிரல் வரலாம் என்றால் போதாது; வரித்தொடக்கத்தில் `@@எண்ணிக்கை = 0` என்று ஒரு கிளாஸ் மாறி வந்தால், பிரிவு அங்கேயே அறுந்து, புதுப் பிரிவு ஒன்று முளைக்கும். டிஃப் (இரு கோப்புகளின் வேறுபாடு காட்டும் கருவி) வெளியீட்டைப் பிரிவுக்குள் வைத்தாலும் அதே ஆபத்து, அதன் ஒவ்வொரு துண்டும் `@@ -1,4 +1,5 @@` என்றுதான் தொடங்குகிறது. ஆகவே விதி: வரியின் முதல் எழுத்திலிருந்து `@@`, ஒரே ஓர் இடைவெளி, பிறகு எழுத்தில் தொடங்கும் பெயர், பிறகு வரிமுடிவு. கிளாஸ் மாறி இடைவெளி இல்லாததால் தோற்கும். டிஃப் துண்டு கழித்தல் குறியால் தோற்கும். உண்மையிலேயே உடலுக்குள் தலைப்பு போன்ற வரி வேண்டுமென்றால், முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போட்டு எழுதச் சொல்லி, வெட்டும்போது அதை நீக்கிவிடுங்கள். தப்பிக்கும் வழி இல்லாத இலக்கணம் என்றைக்காவது ஒருநாள் மாட்டிக்கொள்ளும்.

பெயரைப் பிடிக்கும் வடிவத்தில் தமிழுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. ரூபியில் பேக்ஸ்லாஷ் டபிள்யூ என்பது ஆங்கில எழுத்து, இலக்கம், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே பொருத்தும். தமிழ்ப் பெயர் எதுவும் அதில் சிக்காது. யூனிகோட் எழுத்து வகைக்கான எல் பண்பைப் பயன்படுத்தினால் பாதி தீரும்: ‘அமைப்பு’ என்பதில் மகரம் பிடிபடும், அதன் மேல் ஐகாரக் குறி வந்ததும் பொருத்தம் நின்றுவிடும், உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கின்றன. இரட்டைச் சதுர அடைப்புக்குள் முக்காற்புள்ளிகளோடு எழுதும் வேர்ட் என்ற போசிக்ஸ் வகை எழுத்து, குறி, இலக்கம் எல்லாவற்றையும் சேர்த்தே பொருத்தும். பிடித்த பெயரை யூனிகோட் நார்மலைஸ் செய்துவிடுங்கள். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் தட்டலாம், எகரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் தட்டலாம்; கண்ணுக்கு ஒன்றே, ஹேஷுக்கு இரண்டு வெவ்வேறு சாவிகள்.

வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிய உரையில் உடையா இடைவெளி வருவதும் இதே இனம். ஸ்ட்ரிப்பும் பேக்ஸ்லாஷ் எஸ்ஸும் அதை இடைவெளியாகக் கருதாது; ஸ்பேஸ் என்ற போசிக்ஸ் வகை கருதும்.

முழு உரை மீதும் ஒரே ரெஜெக்ஸ் ஓட்டத்தான் வேண்டும் என்றால் ஒன்றை மறக்காதீர்கள்: ரூபியில் `^`, `$` இரண்டும் எப்போதுமே வரியின் தொடக்கமும் முடிவும்தான். மற்ற மொழிகளில் பல்வரி முறை என்று தனியாக இயக்க வேண்டியது இங்கே இயல்பு. எம் கொடியின் வேலை வேறு, புள்ளி புதுவரியையும் பொருத்தும்படி செய்வது. கோப்பின் உண்மையான தொடக்கத்துக்குப் பேக்ஸ்லாஷுடன் பெரிய ஏ, முடிவுக்குச் சிறிய இசட். முன்னுரைப் பகுதியை `^---` என்று தேடினால், கட்டுரையின் நடுவில் கிடைக்கோட்டுக்காகப் போட்ட `---` இரண்டும் அதற்கிடையே உள்ள உரையும் யாமலாகப் போய்ச் சேரும்.

பிரிவுகள் ஒன்றுக்குள் ஒன்று வருவதோ, எல்லைக்குறி வரியின் நடுவில் வருவதோ உங்கள் வடிவமைப்பில் இருந்தால் ஸ்ட்ரிங்ஸ்கேனருக்கு (சரத்தைத் துண்டுதுண்டாகப் படிக்கும் ரூபி கிளாஸ்) போங்கள். அதன் பாஸ் மதிப்பு பைட்டில் எண்ணுவது, எழுத்தில் அல்ல. யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். அந்த மதிப்பைச் சாதாரண சர வெட்டுக்குக் கொடுத்தால் வெட்டு வெகுதூரம் தள்ளி விழும், பைட்ஸ்லைஸோடு பயன்படுத்துங்கள். வரி எண் வேண்டுமென்றால், தொடக்கத்திலிருந்து அந்தப் பைட் வரை உள்ள புதுவரிகளை எண்ணி ஒன்று கூட்டுங்கள்.

பொருள் காண்பதும் வரி எண்ணை ஒப்படைப்பதும்

மேலுள்ள கோப்பின் முதல் பிரிவை யாமல் என்று படித்தால் என்ன வரும்? பக்க அளவு 20, சரி. தொடக்க நேரம் 12:30 என்று வராது. 45000 என்ற முழு எண் வரும். ரூபியின் சைக் நூலகம் முக்காற்புள்ளி இட்ட எண்களை அறுபதடிமான எண்ணாக எடுத்துக்கொண்டு 12 × 3600 + 30 × 60 என்று கணக்கிட்டுவிடுகிறது. கிளை எண் 83 ஆகிவிடும், முன்னால் சுழியம் இருப்பதால் எண்மான எண். ஆங்கிலத்தில் யெஸ், நோ, ஆன், ஆஃப் என்று மேற்கோள் இல்லாமல் எழுதினால் மெய், பொய் மதிப்புகளாக மாறும். எழுதுபவர்களிடம் மேற்கோள் போடச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். ஏற்றிய பின் ஒவ்வொரு சாவிக்கும் எதிர்பார்க்கும் வகையைச் சோதித்து, பொருந்தாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

சேஃப் லோடையே பயன்படுத்துங்கள். ரூபி 3.1-உடன் வந்த சைக் 4 முதல் வெறும் லோடும் பாதுகாப்பான வழிக்கு மாறிவிட்டது. அதனால் பழைய நிரலில் தேதி திடீரென்று அனுமதியில்லாத கிளாஸ் என்று விழும், ஆங்கர் குறிப்புகளும் அனுமதியில்லை என்று பிழை தரும். தேவையான கிளாஸ்களை மட்டும் அனுமதிப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேருங்கள். காலிப் பிரிவு பதிப்பைப் பொறுத்து வெறுமையாகவோ பொய்யாகவோ வரலாம். அப்போது காலி ஹேஷை வைத்துக்கொள்ளுங்கள். பிரிவின் நடுவே `---` வந்தால் யாமலுக்கு அது புது ஆவணம், லோட் முதல் ஆவணத்தோடு திரும்பிவிடும், மீதி போன இடம் தெரியாது.

இப்போது வரி எண். சைக் தன் கையில் கிடைத்த சரத்தின் வரியைத்தான் சொல்லும். உடல் 15-ஆம் வரியில் தொடங்கி, சைக் 3 என்று சொன்னால் கோப்பில் அது 15 + 3 − 1 = 17. பிழையைப் பிடித்து, கணக்கிட்டு, பாதையோடு மறுபடி எழுப்பலாம். இன்னும் எளிய வழி, உடலுக்கு முன்னால் 14 காலி வரிகளைச் சேர்த்து யாமலிடம் கொடுப்பது. காலி வரிகளை அது பொருட்படுத்தாது, எண் தானாகச் சரியாக வரும். ஃபைல்நேம் மதிப்பையும் கொடுத்துவிட்டால் பிழைச்செய்தி நேராகக் கோப்பைக் காட்டும்.

வார்ப்புருவுக்கு இந்தத் தந்திரம் உதவாது, காலி வரிகள் வெளியீட்டில் வந்துவிடும். ஈஆர்பி (ரூபியின் வார்ப்புரு நூலகம்) பொருளின் லொகேஷன் மதிப்பில் பாதையையும் வரியையும் கொடுக்க வேண்டும். நம் கோப்பில் உடல் 7-ஆம் வரியில். ஆனால் கொடுக்க வேண்டியது 6. ஈஆர்பி உருவாக்கும் ரூபி நிரலின் தலையில் என்கோடிங் குறிப்பு வரி ஒன்றைத் தானே சேர்க்கிறது, அதனால்தான் அதன் இயல்பு எண்ணே 0. ஏழு என்று கொடுத்தால் எல்லாப் பிழையும் ஒரு வரி தள்ளிக் காட்டும். ஒரு வரித் தவறு பெரிய தவறைவிட மோசம், பக்கத்து வரியைப் பார்த்து மூளையைக் கசக்க வைக்கும்.

நம் கோப்பின் சோதனை போன்ற சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) பிரிவில் கெட்ட வரிக்கான பிழைப் பொருளே லைன் நம்பர் வைத்திருக்கிறது, மேலே சொன்ன அதே கூட்டல் போதும். ரூபி 3.4 முதல் சிஎஸ்வி இயல்பு நூலகங்களிலிருந்து கட்டுச் சேர்க்கை ஜெம்மாக மாறிவிட்டதால், ஜெம்களை நிர்வகிக்கும் பண்ட்லரைப் பயன்படுத்தும் செயலியில் ஜெம்ஃபைலில் பெயர் சேர்க்காவிட்டால் ரிக்வயர் தோற்கும்.

பிரிவு ரூபி நிரலாகவே இருந்தால், புதிதாக ஒரு மாட்யூல் உருவாக்கி, சரத்தை நிரலாக ஓட்டும் மாட்யூல் ஈவாலுக்குச் சரம், பாதை, உடல் தொடங்கும் வரி மூன்றையும் கொடுங்கள். அமையும் கான்ஸ்டன்டுகள் அந்த மாட்யூலுக்குள்ளேயே அடங்கும். உலகப் பெயர்வெளி குப்பையாகாது, மறு ஏற்றத்தில் ஏற்கெனவே அமைந்த கான்ஸ்டன்ட் என்ற எச்சரிக்கையும் வராது. சரங்களை உறையவைக்கும் மாயக் குறிப்பு வரி கோப்பின் தலையில் இருந்தாலும் ஈவால் ஆகும் பிரிவுக்குச் செல்லாது. பிரிவின் முதல் வரியில் எழுத வேண்டும், அல்லது நீங்கள் முன்னால் ஒட்டிவிட்டு வரி எண்ணில் ஒன்றைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். உங்கள் சொந்தக் களஞ்சியத்தில் இருக்கும் கோப்புகளுக்கு மட்டுமே இதைச் செய்யலாம். பயனர் பதிவேற்றும் கோப்பில் நிரல் பிரிவு இருக்கவே கூடாது. மாட்யூல் ஒரு பெயர்வெளிதான், சிறைக்கூடம் அல்ல. ஈஆர்பியும் நிரல்தான் என்பதால் அதற்கும் இதே விதி.

சோதனைக் கோப்புகளாக இவற்றைக் கட்டாயம் வைத்திருங்கள்: பிஓஎம் உள்ளது, இரு வகை வரிமுடிவும் கலந்தது, கடைசி வரியில் புதுவரி இல்லாதது, கடைசி வரியே தலைப்பாக முடிவது, காலிப் பிரிவு, உடலுக்குள் `@@` தொடங்கும் வரி, முழுக்கக் காலியான கோப்பு. ஒவ்வொன்றிலும் பிரிவின் உடலை மட்டும் ஒப்பிடாமல் தொடக்க வரி எண்ணையும் ஒப்பிடுங்கள். தலைப்பிலேயே முடியும் கோப்பில் அந்த எண் கோப்பில் இல்லாத ஒரு வரியைக் காட்டும். 9 வரிக் கோப்பில் 10 என்று. அது தவறில்லை. பிரிவு காலி என்று பிழை சொல்லும்போது மட்டும் ஒன்று குறைத்து, தலைப்பின் வரியைக் காட்டுங்கள்.